டிராயருக்கு அடியில் கொஞ்சம் சரித்திரம்

மைசூரு அரண்மனைக்கு வரும் நம்மவர்கள் பெரும்பாலும் சிம்மாசனத்தைப் பற்றித்தான் விசாரிப்பார்கள். என் கண் போவதென்னவோ கதவுகள் மேல்தான். பழைய மர அரண்மனை 1897-இல் ஒரு கல்யாண சமயத்தில் தீப்பிடித்து எரிந்துபோனது. இப்போது நிற்பது ஹென்றி இர்வின் வடிவமைத்து 1912-இல் முடிந்தது. (நம்ம மெட்ராஸ் ஹைகோர்ட்டிலும் இவர் கை உண்டு.) ஈட்டி மரக் கதவில் ஆழமில்லாத பள்ளம் வெட்டி, அதில் தந்தத் துண்டுகளை மயிரிழை இடைவெளி தெரியாமல் பதித்திருக்கிறார்கள். தந்த வியாபாரத்துக்குச் சட்டம் தடை போட்ட பிறகும், வேறு நிற மரங்களை வைத்து மைசூரில் அந்தத் தொழில் நடக்கிறது.

பதிப்பு வேலையில் இடைவெளியே கூடாது. டிராயரில் இடைவெளிதான் எல்லாம்!

தாத்தா காலத்து மேஜையில் டிராயர் மரத்தின் மேல் மரமாக ஓடும். மழைக்காலத்தில் மரம் உப்பும் என்று தெரிந்தே ஆசாரி இடம் விட்டிருப்பார். அடுத்து, பக்கவாட்டில் பொருத்தும் பால்பேரிங் சேனல் வந்தது. பக்கத்துக்கு அரை அங்குலம், அதாவது நாலு நூல். கணக்கு சுலபம். ஆனால் திறந்தால் மரத்துக்கு முன்னால் இரும்புதான் தெரியும்.

அண்டர்மவுண்ட் சேனல் அந்த இரும்பை டிராயருக்கு அடியில் ஒளித்துவிட்டது. இதில் பேர்பெற்ற ஆஸ்திரிய கம்பெனி ப்ளூம், 1952-இல் தொடங்கியபோது செய்தது குதிரை லாடத்தில் பொருத்தும் முளைகள்!

இதன் கணக்கு வேறு. பக்கப் பலகை 16 மி.மீ. என்றால், அலமாரியின் திறப்பு அகலத்தில் 42 மி.மீ. கழித்தால் வருவது டிராயரின் உள் அகலம். திறப்பு 500 என்றால் உள்ளே 458, வெளியே 490. அடிப்பலகை 13 மி.மீ. மேலே ஏறியிருக்க வேண்டும். பின்பலகையில் சேனலுக்கு வெட்டும், கொக்கிக்குத் துளையும் வேண்டும். (கம்பெனிக்குக் கம்பெனி கொஞ்சம் மாறும். கூட வரும் தாளைப் பாருங்கள்.)

ஒரு நூல் என்பது மூன்று மில்லிமீட்டருக்குச் சற்று அதிகம். பழைய டிராயரில் அந்தப் பிசகை இழைப்புளியால் சீவிவிடலாம். இங்கே ஒரு நூல் பிசகினால் டிராயர் இறுகும், அல்லது கொக்கி சேராது. நூல் கணக்கில் வளர்ந்த ஆசாரிகள் இன்று மில்லிமீட்டருக்கு மாறிக்கொண்டிருக்கிறார்கள் என்றால், அது சின்ன விஷயமில்லை.

ஒரு வேண்டுகோள். ஊரிலிருந்து லாரியில் கொண்டுவந்த தேக்கு அலமாரிக்கு இந்தச் சேனலைப் போடச் சொல்லாதீர்கள். அந்த டிராயர் வேறு கணக்கில் பிறந்தது. அடியில் 13 மி.மீ. இருக்காது, அறுத்துக் கெடுக்கத்தான் வேண்டிவரும். அது ஓடும் கட்டையில் ஒரு மெழுகுவர்த்தியைத் தேய்த்துவிடுங்கள், போதும்.