உருவமும் பெயரும்: துயருற்றோரைப் போற்றும் மரபு – திருப்பதி, சித்தூர் வட்டாரச் சான்றுகளை முன்வைத்து

முன்னுரை

போரிலும் பஞ்சத்திலும் இடப்பெயர்விலும் உழன்று உயிர் தப்பியோரின் முகங்களை ஓவியமாகத் தீட்டி அவர்களைச் சிறப்பிக்கும் முயற்சி இன்று உலகின் பல பகுதிகளில் நிகழ்ந்து வருகிறது. ஒருவரது உருவத்தைப் படைப்பதே அவருக்குச் செய்யும் சிறப்பாகிவிடுமா என்னும் வினா இம்முயற்சியோடு சேர்ந்தே எழுகிறது. இவ்வினாவுக்குத் தமிழ் மரபினின்று விடை காண்பதற்கு வேங்கடமும் அதனைச் சூழ்ந்த நாடும் ஏற்ற களங்களாகும். சித்தூர் நகரம் 1911 வரை வட ஆர்க்காடு மாவட்டத்தின் தலைநகராக விளங்கியது. அவ்வாண்டில்தான் சித்தூர் மாவட்டம் தனியே அமைந்தது. 2022இல் திருப்பதி தனி மாவட்டமாயிற்று. தமிழும் தெலுங்கும் கன்னடமும் கலந்து வழங்கிய இவ்வெல்லைப் பகுதியில் உருவம் சமைக்கும் மரபு யாரைப் போற்றியது, யாரை விட்டுவிட்டது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நடுகல்: மாண்டோர்க்கு உருவம், எஞ்சியோர்க்கு நிலம்

தொல்காப்பியப் புறத்திணையியல் கல் தேர்ந்தெடுப்பது முதல் அதனை வாழ்த்துவது வரை நடுகல்லுக்குரிய ஆறு நிலைகளை வகுத்துள்ளது. வீரனின் பெயரையும் பெருமையையும் கல்லிற் பொறித்து மயிற்பீலி சூட்டிய வழக்கத்தை அகநானூறு காட்டுகிறது. பாணர், வைதும்பர் முதலியோர் ஆட்சி செய்த சித்தூர் வட்டாரத்திலும் ஆநிரை மீட்பிலும் ஊர்ப்பூசலிலும் பட்டோர்க்கு நடுகற்கள் எடுக்கப்பட்டன.

இக்கற்களில் உருவம் மாண்டவர்க்கே உரியது. வில்லும் வாளும் ஏந்திய கோலம் ஒரு பொதுக்கோலமே. ஒருவனை மற்றொருவனிலிருந்து பிரித்துக் காட்டுவது அவன் முகமன்று, கல்லில் எழுதிய பெயரும் செயலுமே. உயிரோடு எஞ்சிய குடும்பத்தார்க்கு உருவம் இல்லை. அவர்க்கு ‘உதிரப்பட்டி’ என்னும் நிலக்கொடை வழங்கப்பட்டதைத் தமிழகக் கல்வெட்டுகள் தெரிவிக்கின்றன. சிந்திய குருதிக்கு ஈடான நிலம் என்பதே அச்சொல்லின் பொருள். மாண்டவனுக்குப் புகழ், எஞ்சியவர்க்கு வாழ்வு எனப் பகுத்துப் பார்த்த சமுதாயத்தின் அறவுணர்வு இதில் புலப்படுகிறது.

கண்ணப்பர்: காயம் தாங்கிய உருவம்

இவ்வட்டாரத்தில் காயத்தோடு கூடிய ஒருவரின் உருவம் வழிபாட்டிற்கு உரியதானது திருக்காளத்தியில்தான். குருதி சொரிந்த இறைவனின் கண்ணுக்குத் தம் கண்ணைப் பெயர்த்து அப்பிய வேடர் மறு கண்ணையும் பெயர்க்க முனைந்தபோது இறைவன் கை தடுத்ததாகப் பெரியபுராணம் கூறுகிறது. எனவே கண்ணப்பர் காயத்தோடு எஞ்சியவராவார். காளத்தி மலைமேல் அவர்க்குத் தனிக்கோயில் உண்டு. எனினும் அவரது காயம் அன்பினால் தாமே விரும்பி ஏற்றது. ஆகவே அதனை உருவமாகக் காட்டுவது அவரது பெருமையைக் காட்டுவதாகவே அமைகிறது. விரும்பாது வந்து சேர்ந்த காயத்தைக் காட்டுவதற்கு இந்நியாயம் பொருந்தாது. இவ்வேறுபாடு பின்வரும் ஆய்வுக்கு இன்றியமையாததாகும்.

திருமலை: அடைக்கலம் புகுந்த திருவுருவம்

1323இல் தில்லிப் படை திருவரங்கத்தைத் தாக்கியபோது உற்சவத் திருமேனி கோயிலைவிட்டு வெளியே கொண்டுசெல்லப்பட்டது. பிள்ளை லோகாசாரியர் வழிநடத்திய அப்பயணத்தில் அவர் இடையிலேயே திருநாடு அடைந்தார். பல ஊர்களைக் கடந்து திருமேனி இறுதியில் திருமலையை அடைந்தது. அங்குள்ள அரங்கநாயக மண்டபம் அது தங்கியிருந்த இடமாக மரபில் போற்றப்படுகிறது. 1371இல் விசயநகர அதிகாரி கோபணாரியர் அதனைச் செஞ்சி வழியாகத் திருவரங்கத்தில் மீண்டும் எழுந்தருளச் செய்தார்.

கோயிலொழுகு இந்நிகழ்ச்சியில் எளிய மாந்தர் இருவகையினரை நினைவுகூர்கிறது. ஒரு வகையினர் திருமலைக் காட்டில் திருமேனியைக் காத்துக் கிடந்த கொடவர். அவருள் எஞ்சிய ஒருவர் முதுமை எய்தும் வரை அங்கேயே வாழ்ந்தார். மற்றொருவர் கண்பார்வை இழந்த முதிய ஈரங்கொல்லி. திரும்பி வந்த திருமேனியை ஊரார் அடையாளம் காணவில்லை. இடைக்காலத்தில் வேறொரு திருமேனி வைத்து வழிபடப்பட்டதே அதற்குக் காரணம். திருமஞ்சனம் செய்த ஈர ஆடையின் மணத்தைக் கொண்டு ‘நம்பெருமாள்’ இவரே என அம்முதியவர் அறிவித்தார் என்பது ஒழுகின் கூற்று. கோயிலொழுகு பல காலங்களில் தொகுக்கப்பட்ட நூலாதலின் இவற்றை நேரடிச் சான்றாகக் கொள்ளாது சமுதாய நினைவாகக் கொள்வதே தகும்.

நினைவு என்ற அளவிலும் இது ஆழ்ந்த பொருளுடையது. கண்ணுடையார் ஐயுற்ற உருவத்தைக் கண்ணிழந்தவர் அறிந்தார். உருவ ஒப்புமை தீர்க்காத வழக்கை அவரது நினைவு தீர்த்தது. அவர் சொல்லே பெருமாளின் திருப்பெயராக இன்றளவும் வழங்குகிறது. ஆயினும் திருமலையில் நாம் காணும் மனித உருவங்கள் வேறு. இரு தேவியருடன் கைகூப்பி நிற்கும் கிருட்டிணதேவராயரின் செப்புருவம், அச்சுதராயர், வேங்கடபதிராயர் ஆகியோரின் உருவங்கள், அரங்கநாயக மண்டபத்தை அடுத்த திருமலைராய மண்டபத்தில் தோடர்மால் குடும்பத்தார் உருவங்கள் ஆகியன அங்கு உள்ளன. கொடுத்தவர்க்கு உருவம் கிடைத்தது. காத்தவர்க்குக் கதை மட்டுமே கிடைத்தது.

பஞ்சமும் ஒளிப்படமும்: பெயரற்ற உருவம்

1876–78ஆம் ஆண்டுகளின் பெரும்பஞ்சம் சென்னை மாகாணத்தைச் சூறையாடியது. தென்னிந்தியாவில் இறந்தோர் 50 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் என மதிப்பிடப்படுகிறது. வட ஆர்க்காடும் இதற்கு இரையான மாவட்டங்களுள் ஒன்று. அப்போது வில்லோபி வாலசு ஊப்பர் என்னும் படை அதிகாரி பஞ்சத்தால் எலும்புக்கூடாகியோரை வரிசையாக அமர்த்தி ஒளிப்படம் எடுத்தார். ஏழையர் முகம் படமாகப் பதிவுற்ற தொடக்கக் காலச் சான்றுகளுள் இவை குறிப்பிடத்தக்கவை. ஆனால் அப்படங்களில் இருப்போர் யார், எவ்வூரினர் என்பதை அவை சொல்வதில்லை. காட்சிப்பொருளாகவே அவர்கள் நிறுத்தப்பட்டனர். இதே அதிகாரி 1886இல் பர்மாவில் மரண தண்டனைக் காட்சிகளைப் படமெடுத்தமை பிரித்தானிய நாடாளுமன்றம் வரை கண்டனத்துக்குள்ளானது. நடுகல்லில் பெயர் உண்டு, தனி முகம் இல்லை. இங்கே முகம் உண்டு, பெயர் இல்லை. முகம் துல்லியமாக அமைந்தும் இவை சிறப்புச் செய்யவில்லை என்பது எண்ணத்தக்கது.

பெயரோடு கூடிய ஓவியம்

இவ்விரு குறைகளையும் நீக்கிய முயற்சியை வங்கப் பஞ்சத்தின்போது ஓவியர் சித்தபிரசாத் (1915–1978) மேற்கொண்டார். 1943இல் மிதினாபூர் மாவட்டத்தில் நடந்தே சுற்றிய அவர் தாம் கண்டோரின் உருவங்களை மையால் வரைந்தார்; பலரின் பெயரையும் ஊரையும் பதிவு செய்தார். ‘பசித்த வங்கம்’ எனப் பொருள்படும் தலைப்பில் வெளிவந்த அந்நூலின் 5,000 படிகளையும் அரசு கைப்பற்றி அழித்தது. ஓவியரின் குடும்பத்தார் காத்த ஒரு படி எஞ்சியது. பெயரற்ற படங்களைப் பொறுத்துக்கொண்ட ஆட்சி பெயருள்ள ஓவியங்களைப் பொறுக்கவில்லை. பெயர் சாட்சியாகிறது என்பதை ஆட்சியாளர் உணர்ந்திருந்தனர் எனலாம்.

ஈழத்து ஓவியர் தா. சனாதனன் 2011இல் வெளியிட்ட தோம்பு பற்றிய கலைநூல் இதனினும் ஒருபடி முன்செல்கிறது. இடம்பெயர்ந்தோர் தாம் இழந்த வீட்டின் வரைபடத்தைத் தம் கையாலேயே வரைந்தனர்; கட்டடக்கலை வரைபடமும் ஓவியரின் படமும் அதனைத் தொடர்ந்தே வருகின்றன. நிலப்பதிவேட்டைக் குறிக்கும் ‘தோம்பு’ என்னும் சொல் இங்கே இழப்பின் பதிவேடாகிறது. துயருற்றவர் வரையப்படுபவராக மட்டும் இன்றி வரைபவராகவும் ஆகிறார்.

முடிவுரை

மேற்கண்ட சான்றுகளால் பெறப்படுவன: நடுகல் மரபு மாண்டவரைப் பெயரால் போற்றியது, எஞ்சியவரை நிலத்தால் தாங்கியது. திருமலை மரபு காத்தவரை உருவத்தால் அன்றிச் சொல்லால் நினைவிற் கொண்டது. பஞ்ச ஒளிப்படம் பெயரையும் இசைவையும் புறக்கணித்தமையால் துயரைக் காட்சியாக்கியது. ஆகவே துயருற்றோரின் உருவத்தைத் தீட்டுவோர் ஒப்புமையைவிட அவர்தம் பெயரையும் இசைவையும் முதன்மையாகக் கொள்ளுதல் வேண்டும். உதிரப்பட்டி உணர்த்துவது போல, உருவம் வாழ்வுக்குரிய உதவிக்கு ஈடாகாது. ஈரங்கொல்லியின் நிகழ்ச்சி காட்டுவது இன்னொன்று: துயரத்தின் உண்மையை உறுதி செய்யும் தகுதி இறுதியில் அதனைத் தாங்கி நின்றவர்க்கே உண்டு.