பின்னால் ஓடி வந்த கை

சமூக ஊடகங்கள் மனிதரைத் தனிமைப்படுத்துகின்றனவா என்ற விவாதம் இன்று உலகெங்கும் நடக்கிறது. ஆறு பேரில் ஒருவர் தனிமையால் பாதிக்கப்பட்டிருப்பதாக உலக சுகாதார நிறுவனம் 2025 ஜூனில் வெளியிட்ட அறிக்கை சொல்கிறது. ஒரு கருவி மனிதர்களை எப்போது சேர்க்கிறது, எப்போது பிரிக்கிறது என்பதை யோசிக்க நம்மிடமே ஒரு வரலாறு இருக்கிறது. அது புதுக்கோட்டை மாவட்டத்துப் பெண்களின் சைக்கிள் வரலாறு.

1991ல் அங்கே அறிவொளி இயக்கம் தொடங்கியது. அப்போது மாவட்ட ஆட்சியராக இருந்தவர் ஷீலா ராணி சுங்கத். பேருந்துகள் அரிதாக வந்துபோன கிராமங்களில் பெண்கள் தந்தையையோ கணவனையோ எதிர்பார்க்காமல் வெளியே சென்றுவர வேண்டும் என்பதற்காக, எழுத்துடன் சைக்கிளும் கற்பிக்கப்பட்டது. வயல் வேலை செய்பவர்கள், கல்குவாரித் தொழிலாளிகள், அங்கன்வாடிப் பணியாளர்கள், கிராம செவிலியர்கள் எனக் குறுகிய காலத்தில் லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்கள் கற்றுக்கொண்டதாகப் பத்திரிகையாளர் பி. சாய்நாத் பதிவு செய்திருக்கிறார். பெண்களுக்கான சைக்கிள்கள் போதாமல் ஆண்கள் ஓட்டும் சைக்கிள்களையே பலர் ஓட்டினார்கள். 1992 மகளிர் தினத்தன்று 1,500க்கும் மேற்பட்ட பெண்கள் கொடி கட்டிய சைக்கிள்களில் மணியடித்தபடி புதுக்கோட்டை நகருக்குள் ஊர்வலம் வந்தார்கள். அவ்வாண்டு ஆகஸ்ட் 11 அன்று புதுக்கோட்டை முழு எழுத்தறிவு பெற்ற மாவட்டமாக அறிவிக்கப்பட்டது.

இவ்வரலாற்றைப் பெரும்பாலும் விடுதலையின் கதையாகவே சொல்கிறோம். அது சரிதான். ஆனால் இதில் உறவின் கதையும் ஒன்று இருக்கிறது. முப்பது வயதுப் பெண் தனியே சைக்கிள் பழகுவது கடினம். பின்னால் கேரியரைப் பிடித்துக்கொண்டு இன்னொருத்தி ஓடிவர வேண்டும். தெரு பார்க்க விழவேண்டும், எழுந்து சிரிக்கவேண்டும். ஊரின் கேலியைத் தாங்குவதற்கும் துணை வேண்டியிருந்தது. சைக்கிள் அவர்களுக்குக் கிடைப்பதற்கு முன்பே தோழி கிடைத்துவிட்டாள். அதே காலத்தில் குவாரிகளில் கல் உடைத்த பெண்களின் குழுக்களுக்கே அக்குவாரிகள் குத்தகைக்கு விடப்பட்டதையும் இதனோடு சேர்த்து நினைக்கவேண்டும்.

இணையம் பற்றிய ஆய்வுகளும் ஏறத்தாழ இதையே வேறுமொழியில் சொல்கின்றன. அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில் 73 குடும்பங்களை ஆராய்ந்த ராபர்ட் க்ராட் குழுவினர், இணையத்தை அதிகம் பயன்படுத்தியவர்களிடம் தனிமையுணர்வு சற்றுக் கூடியதாக 1998ல் எழுதினார்கள். அவர்களே 2002ல் வெளியிட்ட தொடர் ஆய்வில் அவ்விளைவு பெரும்பாலும் மறைந்திருந்தது. பழகும் இயல்பும் சுற்றத்தின் ஆதரவும் உள்ளவர்களுக்கே இணையம் அதிகம் நன்மை செய்தது என்றும் கண்டார்கள். இருக்கும் உறவை அது பெருக்குகிறது, இல்லாத உறவை எளிதில் உண்டாக்குவதில்லை.

சிங்கப்பூருக்கும் வளைகுடாவுக்கும் ஆண்களை அனுப்பிய புதுக்கோட்டைக் குடும்பங்களை எண்ணிப் பார்க்கலாம். முன்பு கடிதத்துக்கு வாரக்கணக்கில் காத்திருந்த மனைவி இன்று கணவனின் முகத்தைப் பார்த்துப் பேசுகிறாள். அதைப் போலி உறவு என்று சொல்ல யாருக்கும் உரிமையில்லை. அழைக்க எவருமில்லாத முதியவருக்கோ, வகுப்பில் ஒட்டாத மாணவனுக்கோ அதே கைபேசி பிறரது கொண்டாட்டங்களைக் காட்டும் சன்னலாகவே நின்றுவிடுகிறது.

அறிவொளியின் வேகம் பின்னாளில் தணிந்தது. தமிழக அரசு 2001ல் தொடங்கிப் படிப்படியாக விரிவாக்கிய இலவச சைக்கிள் திட்டத்தால் இன்று மாணவிகள் சைக்கிளில் செல்வது யாரும் திரும்பிப் பார்க்காத காட்சி. கருவி நிலைத்தது. அதைச் சுற்றி இரவுகளில் கூடிய கூட்டம் கலைந்தது.

கைபேசி இதற்கு நேர்மாறான வழியில் வந்தது. எவரும் கூடாமல், எவரும் கற்றுத்தராமல், ஒவ்வொரு கையிலும் தனித்தனியே வந்து சேர்ந்தது. அதைத் தூக்கி எறிவது தீர்வல்ல. சைக்கிளைக் குறை சொன்னவர்களும் அன்று இருந்தார்கள். நாம் கேட்கவேண்டியது வேறு: இத்திரையிலிருந்து எழுந்து யார் வீட்டுக்குப் போகிறோம்? தடுமாறும் ஒருவரின் பின்னால் சிறிது தூரமாவது ஓடிப்போகிறோமா?