மஞ்சள் கோடு எப்படி வந்தது?

தரம் 5 பிள்ளைகளுக்கு வீதி ஒழுங்கு படிப்பிக்கும்போது நாம் வழமையாகச் சொல்வது: மஞ்சள் கோட்டில் நின்று வலது, இடது, மறுபடி வலது பார்த்துக் கடக்க வேண்டும். போன கிழமை ஒரு பிள்ளை கேட்டது: "சேர், நாங்க பாக்குறம். அவங்க பாக்குறாங்களா?" அந்தக் கேள்விக்காகத்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் எங்கள் வீதி. மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர் எல்லாம் ஒரே சாயல் ஊர்கள். கிழக்கே கடல், மேற்கே வயல், நடுவே பிரதான வீதி. கடற்கரைப் பக்கம் இருப்பவர் வட்டைக்குப் போகவும், மேற்கே இருப்பவர் கரைக்குப் போகவும் அதைத் தாண்டியே ஆகவேண்டும். மாட்டு வண்டிக் காலத்தில் அது ஒரு விடயமே இல்லை. ஆனால் இதே வீதிக்கு ஏ4 என்று இன்னொரு பெயர். கொழும்பிலிருந்து இரத்தினபுரி, வெல்லவாய, பொத்துவில் வழியாக மட்டக்களப்பு வரை சுமார் 430 கிலோமீற்றர். எங்களுக்கு அது வீட்டு வாசல். தூரத்திலிருந்து வரும் சாரதிக்கு அது நெடுஞ்சாலை. இரண்டும் சந்திக்கிற இடம்தான் அந்தக் கோடு.

கோட்டின் கதை பிரித்தானியாவில் தொடங்குகிறது. 1934இல் போக்குவரத்து அமைச்சராக இருந்த ஹோர் பெலிஷா, லண்டனில் வீதியைக் கடக்கும்போது ஒரு காரில் மோதப்பட இருந்து தப்பினார். அமைச்சருக்கே அப்படி என்றால்! கடவைகளின் இரு பக்கமும் செம்மஞ்சள் உருண்டை விளக்குக் கம்பங்கள் வந்தன. தரையில் இருந்ததோ உலோகக் குமிழ்கள்தான். ஓடிவரும் சாரதி கண்ணுக்கு அவை படவில்லை. அதனால் 1949இல் சுமார் 1,000 இடங்களில் பட்டைக் கோடுகளைப் போட்டுப் பார்த்தார்கள். 1951இல் கறுப்பு வெள்ளை வரிக்குதிரைக் கடவை சட்டமானது. இலங்கையின் மோட்டார் வாகனச் சட்டமும் அதே 1951தான்.

அதோடும் முடியவில்லை. நின்ற வாகனத்தை முந்திக்கொண்டு வந்தவர்கள் ஆட்களை மோதினார்கள். 1971இல் கடவைக்கு முன்னும் பின்னும் வளைந்து நெளிந்த கோடுகள் போட்டு, அங்கே முந்துவதையும் வாகனம் நிறுத்துவதையும் தடுத்தார்கள். வேன் நிற்கும், பிள்ளை கால் வைக்கும், பின்னால் வந்த மோட்டார் சைக்கிள் வேனைச் சுற்றி வரும். எங்கள் பாடசாலை வாசலில் நாம் காண்பதும் இதேதான்.

அடுத்தது வேகம். ஊருக்குள் கார், வேனுக்கு எல்லை மணிக்கு 50 கிலோமீற்றர். அந்த வேகத்தில் பிள்ளையைக் கண்டு பிரேக்கில் கால் வைக்கும் ஒரு செக்கனிலேயே வாகனம் 14 மீற்றர் ஓடிவிடும். முழுதாக நிற்கக் காய்ந்த தாரிலும் 28 மீற்றர் அளவில் வேண்டும். 30இல் வந்தால் 13, 14 மீற்றரில் நின்றுவிடும். பெயின்ட் வேகத்தைக் குறைக்காது. கடவையையே நடைபாதை மட்டத்துக்கு மேடாக உயர்த்திக் கட்டினால் குறைக்கும். சாரதி விரும்பினாலும் விரும்பாவிட்டாலும்.

இதைத்தான் வரும் பெற்றார் கூட்டத்தில் கேட்கப் போகிறோம்: மேடான கடவை, முந்தத் தடை. வீதி அபிவிருத்தி அதிகார சபைக்கான கடிதத்தில் எல்லோரும் கையொப்பம் வையுங்கள். ஆட்டோவில் பிள்ளையை ஏற்ற வரும் வாப்பாமாரே, கடவையை ஒட்டி நிறுத்தாதீர்கள். உங்கள் ஆட்டோவுக்குப் பின்னால் நிற்கும் தரம் 1 பிள்ளை எந்தச் சாரதிக்கும் தெரியாது. பக்கத்து ஒழுங்கையில் நிறுத்துங்கள், பிள்ளையை நாமே கூட்டி வந்து விடுகிறோம்.