இபுபுரோஃபென் தயாரிப்பில் வினையூக்கிகள்

வலி, காய்ச்சலுக்குத் தரப்படும் இபுபுரோஃபென், பசுமை வேதியியல் பாடங்களில் தவறாமல் இடம்பெறும் மருந்து. 1960களில் இங்கிலாந்தின் பூட்ஸ் நிறுவனம் வகுத்த முறையில் ஆறு படிகள். உள்ளே போகும் அணுக்களில் எடைக்கணக்கில் சுமார் 40 விழுக்காடே மருந்தாகும், மீதி கழிவு.

முதல் படியிலேயே சிக்கல். ஐசோபியூட்டைல்பென்சீனுடன் அசெட்டைல் தொகுதியைச் சேர்க்க அலுமினியம் குளோரைடு பயன்பட்டது. பெயர்தான் வினையூக்கி. விளைந்த கீட்டோனை அது இறுகப் பற்றிக்கொள்ளும். நீரூற்றிப் பிரித்தால் சிதைந்துவிடும். எனவே ஒவ்வொரு முறையும் புதிதாகக் கொட்ட வேண்டும்.

பூட்ஸும் ஹோக்ஸ்ட் செலனீஸும் சேர்ந்து நடத்திய பி.எச்.சி. நிறுவனம் இந்தத் தயாரிப்பை மூன்று படிகளாகச் சுருக்கி, 1992இல் டெக்சாஸின் பிஷப் நகரில் ஆலை தொடங்கியது. அங்கே ஹைட்ரஜன் புளோரைடே வினையூக்கி, அதுவே கரைப்பான். ஏறத்தாழ 20 டிகிரி செல்சியஸிலேயே கொதிப்பதால் ஆவியாக்கி மீட்டு, மறுபடி ஏற்றலாம். அடுத்து ரேனி நிக்கல் துணையுடன் ஹைட்ரஜன் ஏறி, கீட்டோன் ஆல்கஹாலாகிறது. கடைசியில் பல்லேடியம், கார்பன் மோனாக்சைடை அந்த மூலக்கூறில் நுழைத்து அமிலமாக்குகிறது. அணுப் பயன்பாடு சுமார் 77 விழுக்காடு. துணைவிளைபொருளான அசெட்டிக் அமிலத்தை மீட்டால் 99.

1997இல் அமெரிக்காவின் குடியரசுத் தலைவர் பசுமை வேதியியல் விருது இம்முறைக்குக் கிடைத்தது. ஆனாலும் ஹைட்ரஜன் புளோரைடு கண்ணாடியையே அரிக்கும், தோல்வழி எலும்புவரை ஊடுருவும். கார்பன் மோனாக்சைடோ நச்சு வாயு. இங்கே பசுமை என்பது கழிவுக் குறைவைக் குறிக்கிறதே தவிர, ஆபத்தின்மையை அல்ல.