வெயிலும் ஆண்மையும்: விற்றமின் டீ பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

மருத்துவத்தின் வரலாறு கண்டுபிடிப்பாளரின் பெயர்ப்பட்டியல் மட்டுமன்று. எவருக்கு எது மறுக்கப்பட்டது, மறுக்கப்பட்டது எவ்வாறு விலைப்பொருளாகத் திரும்பி வந்தது என்பதன் வரலாறுமாகும். விற்றமின் டீ குறைந்தால் ஆண் ஓமோனான தெஸ்தெஸ்தெரோனும் குறையும், ஆகவே மாத்திரை வாங்குக என்னும் கூற்று இன்று பரவலாக வழங்குகின்றது. கல்முனைக்கு மேற்கே, வயல்கள் சூழ்ந்த சவளக்கடையில் பகல் முழுவதும் வெயிலில் நிற்கும் உழவனுக்கு இக்கூற்று விந்தையாகத் தோன்றலாம். எனினும் அதனை நகைத்து ஒதுக்காது, அதன் வேர்களை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

விற்றமின் டீயின் கதை கணைநோயில், அதாவது குழந்தைகளின் எலும்பு மென்மையுற்று வளையும் நோயில், தொடங்குகின்றது. 1650இல் கிளிசன் இந்நோயைப் பற்றி விரிவான நூலொன்றை வெளியிட்டார். 1822இல் போலந்து மருத்துவரான சினியாதெக்கி, நாட்டுப்புறக் குழந்தைகளிலும் பார்க்க வார்சோ நகரக் குழந்தைகளே இதனால் மிகுதியும் பீடிக்கப்படுவதைக் கண்டு, வெயிலின்மையே காரணம் என்றார். ஆலைப்புகை வானத்தை மறைக்க, தொழிலாளர் குடும்பங்கள் இருண்ட சந்துகளில் அடைபட்ட பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்நோய் பெருகியது தற்செயலன்று. கைத்தொழில் முதலாளித்துவம் தொழிலாளியின் உழைப்பை மட்டுமன்றி, அவனது குழந்தைக்குரிய சூரிய ஒளியையும் பறித்தது.

1919இல் மெலன்பி உணவுக் குறைபாட்டினால் நாய்களில் இந்நோயை உண்டாக்கினார்; அதே ஆண்டில் பெர்லினில் ஹுல்ட்சின்ஸ்கி புறஊதாக் கதிர்களால் குழந்தைகளைக் குணப்படுத்தினார். 1922இல் மக்கொலம் இக்காரணிக்கு விற்றமின் டீ எனப் பெயரிட்டார். உணவைக் கதிரூட்டி விற்றமினை உண்டாக்கும் ஸ்ரீன்பொக்கின் முறை ஐக்கிய அமெரிக்காவில் காப்புரிமைக்கு உட்பட்டது; அவ்வுரிமையை நிருவகிக்க 1925இல் விஸ்கொன்சின் பல்கலைக்கழகத்தைச் சார்ந்து ஒரு நிறுவனம் தோன்றியது. வெயிலின் பயன் இவ்வாறு சட்டபூர்வமான சொத்தாயிற்று.

ஆண் ஓமோனின் வரலாறும் இதே தடத்திலேயே செல்கின்றது. 1889இல் முதியவரான பிரவுண்-செக்கார், விலங்குகளின் விரைச்சாற்றைத் தமக்கே ஊசியேற்றி இளமை மீண்டதாக அறிவித்தார். 1935இல் அம்ஸ்ரடாமில் லக்கூரின் குழுவினர் காளைகளின் விரைகளிலிருந்து தெஸ்தெஸ்தெரோனைப் பிரித்தெடுத்தனர். அதே ஆண்டில் புற்றெனாந்தும் ருசிக்காவும் தனித்தனியே அதனைக் கொலஸ்தரோலிலிருந்து தொகுத்தனர். இப்பணிகளின் பின்னணியில் மருந்துக் கம்பனிகள் நின்றன. விற்றமின் டீ ஆய்வுக்காக 1928இல் நோபல் பரிசு பெற்ற வின்டவுசின் மாணவரே புற்றெனாந்து என்பது ஈண்டு மனங்கொள்ளத்தக்கது. இரு பொருள்களும் வேதியியலில் உறவினவே. அவற்றை ஆராய்ந்தோரும் ஒரே மரபினர்.

தமிழ்நாட்டிற்கும் இவ்வரலாற்றில் ஓர் இடமுண்டு. 1918 முதல் குன்னூர் பஸ்ரர் நிலையத்தில் பெரிபெரி நோயை ஆராய்ந்த மக்கரிசன், வெப்பத்தால் விற்றமின் அழிக்கப்பட்ட அரிசியைப் புறாக்களுக்கு ஊட்டியபோது, மிகக் கடுமையாகச் சுருங்கிய உறுப்புக்களுள் விரைகளும் இருந்ததைக் கண்டார். அது விற்றமின் டீ பற்றிய ஆய்வன்று. எனினும் இனப்பெருக்க ஆற்றல் உணவிலும், அதனூடாக வறுமையிலும் தங்கியிருப்பதை அது உணர்த்தியது. காலனித்துவ அரசு சிக்கனத்தின் பேரால் 1923இல் இவ்வாராய்ச்சியை நிறுத்தி வைத்தமை அவ்வரசின் முன்னுரிமைகளைக் காட்டுகின்றது.

இன்றைய விஞ்ஞானம் கூறுவது யாது? விற்றமின் டீயின் ஏற்பிகள் விரைகளிலும் உள்ளன. ஆகவே வினா நியாயமானது. 2010இல் வெளியான ஓர் ஆய்வு 2,299 ஆண்களில் இரண்டின் அளவும் சேர்ந்தே உயர்வதையும் தாழ்வதையும் கண்டது. 2011இல் 54 பேர் பற்றிய ஒரு சோதனை, ஓராண்டு மாத்திரை உண்டோரில் ஓமோன் உயர்ந்ததெனக் கூறியது. ஆனால் ஒஸ்திரியாவின் கிராசில், இவ்வாய்வுகளில் ஈடுபட்டோர் சிலர் உட்பட்ட குழுவினர் 2017இலும் 2019இலும் வெளியிட்ட சோதனைகளில், ஓமோன் இயல்பாயிருந்தோரிலும் குறைந்திருந்தோரிலும் மாத்திரையால் உயர்வு ஏற்படவில்லை. வெயிலில் உழைத்து, உடல்நலத்துடன் இருப்பவனிடம் இரண்டும் உயர்ந்திருக்கலாம். அதனால் ஒன்று மற்றொன்றின் காரணமாகிவிடாது. விற்றமின் டீ எலும்புக்கு இன்றியமையாதது. குறைபாடுடையோருக்கு மருத்துவர் அதனை வழங்குவது முறையே. ஆனால் அது ஆண்மைக்கான மருந்தென நிறுவப்படவில்லை.

நிறுவப்படாத ஒன்று ஏன் விலைபோகின்றது? இங்கு ‘ஆண்மை’ என்னும் சொல்லையே நோக்க வேண்டும். தமிழில் அது ஆளும் திறனையும் முயற்சியையும் சுட்டியது. வள்ளுவர் ஓரிடத்தில் பேராண்மை என்பதைப் பிறர் மனைவியை நாடாத ஒழுக்கத்துடன் இணைக்கின்றார். கிழக்கிலங்கையில் நெற்பயிரையே ‘வேளாண்மை’ என்பர். அச்சொல்லில் உழைப்பே ஆண்மையாக நிற்கின்றது. சந்தை இச்சொல்லைச் சுருக்கி, இரத்தப் பரிசோதனையில் வரும் ஓர் எண்ணாக்கியுள்ளது.

இச்சுருக்கத்தின் சுமையைப் பெண்களே பெரிதும் தாங்குகின்றனர். பிள்ளையில்லாத தம்பதியரில் ஏறத்தாழ அரைவாசிச் சந்தர்ப்பங்களில் ஆணிடத்தும் காரணமுண்டு. ஆயினும் ‘மலடி’ என்னும் பழி மனைவிக்கே சூட்டப்படுகின்றது. கணவனோ பரிசோதனைக்குச் செல்லாது இரகசியமாக மாத்திரை வாங்குகின்றான். போடியாரிடம் கூலிக்கு நின்றவனும், வளைகுடா நாடுகளில் வேலை தேடி ஆண்டுக்கணக்கில் மனைவியைப் பிரிந்திருப்பவனும் இழந்தவற்றை எந்தக் குளிசையும் ஈடுசெய்யாது.

கணைநோயைப் பின்னுக்குத் தள்ளியவை மீனெண்ணெயும் விற்றமினும் மட்டுமல்ல. தூய காற்றுக்கும் நல்ல வீட்டுக்கும் குழந்தையின் பாலுக்கும் மக்கள் நடத்திய போராட்டங்களுமாகும். சவளக்கடையின் உழவனுக்கு வெயில் பற்றாக்குறையில்லை. நியாயமான கூலி, போதிய உணவு, கணவனும் மனைவியும் கூச்சமின்றி ஒன்றாகச் சென்று பரிசோதனை பெறக்கூடிய அரசாங்க மருத்துவமனை ஆகியனவே அவனுக்கு வேண்டியவை. அவற்றை மாத்திரையாக்கி விற்க முடியாது. மக்களே வென்றெடுக்க வேண்டும்.