பேராசிரியர் வில்சனும் வட்டாரத் தன்னாட்சியும்

ஓர் ஊரின் சாலை, சந்தை, நூலகம் முதலியவற்றை அவ்வூரார் தேர்ந்தெடுத்த மன்றமே பேணும் முறையை இலங்கைத் தமிழர் உள்ளூராட்சி என்றும், தலைநகரில் குவிந்த அதிகாரத்தையும் நிதியையும் வட்டாரங்களுக்குப் பிரித்தளிப்பதை அதிகாரப் பகிர்வு என்றும் வழங்குவர். இவ்விரண்டும் சார்ந்த இலங்கை அரசியலை ஆராய்ந்தவர் அரசறிவியல் அறிஞர் ஏ. ஜெயரத்தினம் வில்சன் (1928–2000).

பேராதனையில் பேராசிரியராக விளங்கி, 1972-இல் கனடாவின் நியூ பிரன்சுவிக் பல்கலைக்கழகத்திற்குச் சென்ற அவர், ஈப்போவில் 1898-இல் பிறந்து ஈழத்தமிழர் தலைவராக உயர்ந்த சா.ஜே.வே. செல்வநாயகத்தின் மருமகனாவார். மாமனார் 1957-இல் பிரதமர் பண்டாரநாயக்காவுடனும் 1965-இல் டட்லி சேனநாயக்காவுடனும் செய்த உடன்படிக்கைகள் முறையே பிரதேச சபைகளையும் மாவட்ட சபைகளையும் உறுதியளித்தும், இரண்டும் ஏட்டளவில் நின்றன. மூன்றாம் முயற்சியில் வில்சனே இறங்கி, 1978 முதல் 1983 வரை ஜனாதிபதி ஜெயவர்த்தனாவுக்கும் தமிழர் விடுதலைக் கூட்டணிக்கும் இடையே தூது நடந்தார். இம்முயற்சியில் 1980-இல் பிறந்ததே மாவட்ட அபிவிருத்திச் சபைச் சட்டம்.

ஆயினும் அச்சபைகளுக்கு மேல் ஜனாதிபதி நியமித்த மாவட்ட அமைச்சர் அமர்ந்தார். செலவுக்கும் கொழும்பையே நோக்க வேண்டியிருந்தது. 1981 ஜூன் 4-ஆம் நாள் தேர்தலுக்குச் சில நாள் முன்னர், ஏறத்தாழ 97,000 நூல்களும் ஓலைச்சுவடிகளும் கொண்ட யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டது. தனியார் ஒருவரின் முயற்சியாகத் தொடங்கி, நகரின் உள்ளூராட்சி மன்றம் ஏற்று வளர்த்த அந்நூலகத்தில் ஊராட்சியும் பண்பாடும் ஒரே கூரையின்கீழ் இருந்தமையால், அத்தீ இரண்டையும் ஒருங்கே சுட்டது. இணக்கத்தில் நம்பிக்கை வைத்த வில்சன் 1988-இல் வெளியிட்ட நூலின் தலைப்பு, இலங்கையின் உடைவு என்றே பொருள்படும்.

இவ்வரலாறு மலேசியத் தமிழர்க்கு அயலானதன்று. இங்கும் 1965-இல் உள்ளூராட்சித் தேர்தல்கள் நிறுத்தப்பட்டன. செனட்டர் ஆதி நாகப்பன் தலைமையிலான அரச ஆணையம் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றங்களே தொடர வேண்டும் எனப் பரிந்துரைத்தும், 1976-ஆம் ஆண்டுச் சட்டம் நியமன முறையையே நிலைநிறுத்தியது. ஆதலின் மலாக்காவின் பத்து பெரண்டாமில் தோட்டத்தை விட்டுத் தாமானில் குடியேறிய குடும்பத்தார், தம் கோவில் நிலத்திற்கும் கடைத்தெருவிற்கும் விதி வகுக்கும் உள்ளூராட்சி மன்றத்திற்கு உறுப்பினரைத் தேர்ந்தெடுக்க வாக்களிப்பதில்லை. எந்த மன்றத்தையும் அதன் பெயரால் அளவாது, உறுப்பினரை அமர்த்துபவர் யார், பணப்பெட்டியின் சாவி யாரிடம் என்ற இரு வினாக்களால் அளக்க வேண்டும் என்பதே வில்சன் பட்டறிந்த பாடம்.