கார் ஸ்பீக்கர் கரகரங்குதா? புதுசு வாங்கும் முன் வீட்டிலேயே இதைச் செஞ்சு பாருங்க!

ஆபீஸ் கிளம்பி, காரில் பாட்டு போட்டால் ஒரு கதவிலிருந்து மட்டும் ‘கரகர’ சத்தம். கடைக்குப் போனால், ‘மாத்திடலாம் சார்’ என்பதுதான் பெரும்பாலும் பதில். ஆனால், எல்லாப் பழுதுக்கும் புது ஸ்பீக்கர் தேவையில்லை. எதை நாமே சரிசெய்யலாம், எதை முடியாது?

பழுது ஸ்பீக்கரில்தானா?

ஸ்டீரியோவில் பேலன்ஸ், ஃபேடரை மாற்றி, ஒவ்வொரு ஸ்பீக்கரையும் தனியாகக் கேளுங்கள். எல்லாவற்றிலும் கரகரப்பு இருந்தால் பிரச்னை ஸ்டீரியோவில் இருக்கலாம். கதவைத் திறந்து மூடும்போது மட்டும் சத்தம் விட்டுவிட்டு வந்தால், கீல் பக்கம் மடங்கும் ஒயரைச் சந்தேகப்படுங்கள்.

கழற்றும்போது என்ன கவனிக்கணும்?

முதலில் பேட்டரியின் நெகட்டிவ் ஒயரைக் கழற்றுங்கள். சில கார்களில் அதன்பிறகு ஸ்டீரியோ கோடு கேட்கும் என்பதால், மேனுவலைப் பார்த்துவிடுவது நல்லது. மஞ்சள் நிற ஒயர், கனெக்டர் கண்ணில் பட்டால் தொடாதீங்க. அவை பொதுவாக ஏர்பேக்குக்கானவை. கதவுக்குள் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் ஷீட்டைக் கிழித்துவிட்டால் மழைத்தண்ணீர் காருக்குள் வரும். திரும்ப அப்படியே ஒட்டணும்.

மல்டிமீட்டர் என்ன சொல்லும்?

ஸ்பீக்கர் ஒயரைக் கழற்றிவிட்டு ஓம் அளவைப் பாருங்கள். 4 ஓம் ஸ்பீக்கர் என்றால் சுமார் 3 முதல் 4 வரை காட்டும். அளவே காட்டாவிட்டால் உள்ளே இணைப்பு அறுந்திருக்கிறது. டெர்மினலிலிருந்து கோனுக்குப் போகும் பின்னல் ஒயர் மட்டும் விட்டிருந்தால், சால்டரிங் செய்து பிழைக்க வைக்கலாம். கிட்டத்தட்ட பூஜ்யம் காட்டினால் ஷார்ட். அதைத் திரும்ப மாட்டினால் ஆம்ப்ளிஃபயரும் போய்விடலாம்.

அடுத்து, கோனை விரல்களால் எல்லாப் பக்கமும் சமமாக, மெதுவாக அழுத்துங்கள். உரசும் சத்தம் வந்தாலோ, கருகிய வாடை அடித்தாலோ வாய்ஸ் காயில் கெட்டிருக்கும். இது வீட்டு வேலை இல்லை. ரீகோனிங் செய்பவரிடம் கொடுக்கலாம், அல்லது மாற்றிவிடலாம்.

கிழிசலை எப்படி ஒட்டுவது?

பேப்பர் கோனில் சிறு கிழிசல் என்றால், ஃபெவிகாலில் கொஞ்சம் தண்ணீர் கலந்து, மெல்லிய டிஷ்யூ பேப்பரை இரண்டு பக்கமும் ஒட்டி, ஒரு ராத்திரி காயவிடுங்கள். தடிமனாகப் பூச வேண்டாம். எடை கூடினால் சத்தம் மந்தமாகும். பிளாஸ்டிக் கோனில் இந்தப் பசை சரியாகப் பிடிக்காது. ஓரத்து ரப்பர் வளையம் கிழிந்திருந்தால், காய்ந்த பிறகும் வளையக்கூடிய ரப்பர் பசைதான் வேணும். சூப்பர் க்ளூ இறுகி, அதிர்வில் வெடித்துவிடும். வளையம் ஃபோமாக இருந்து, தொட்டாலே உதிர்ந்தால் ஒட்டிப் பயனில்லை, வளையத்தையே மாற்றணும்.

திரும்ப மாட்டும்போது?

பிளஸ், மைனஸ் மாறினாலும் ஸ்பீக்கர் பாடும். ஆனால் பேஸ் காணாமல் போகும். புதுசுதான் வாங்கணும் என்றால் அளவு, ஓம், ஆழம் மூன்றையும் பாருங்கள். ஆழம் கூடினால் ஜன்னல் கண்ணாடி இடிக்கும்.

கடைசியாக ஒன்று: வால்யூமை ஏற்றும்போது சத்தம் பிசிற ஆரம்பித்தால், அங்கேயே குறைச்சிடுங்க. அந்தப் பிசிறலோடு ஓடவிடுவதுதான் பல காயில்களைக் கருக்குகிறது. இதை விட்டுவிட்டு ஸ்பீக்கரை மட்டும் மாற்றினால், புதுசும் அதே வழியில் போகும்.